தெலுங்கு தெரியாத மேஸ்திரி

சித்தூரில் ஒரு கோர்ட்டின் ரிக்கார்டு அறையில், 1960-ஆம் வருஷத்துக் கட்டு ஒன்றில், "இந்தச் சாட்சிக்குத் தெலுங்கு சரியாகத் தெரியாது" என்று ஒரு வரி இருக்கிறது. கரையான் தின்னாமல் விட்டிருந்தால் இன்னும் இருக்கும். அந்தச் சாட்சி மோட்டார் மேஸ்திரி ஆதிநாராயணன். அந்த வரி சுத்தப் பொய். அது பொய் என்பதற்கான காரணம் முழுசாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர் போன புரட்டாசியில் காலமாகிவிட்டார். மிச்சம் நான். முப்பது வருஷத்துக்கு மேல் கோர்ட்டில் அடுத்தவர் சொன்னதை எழுதியே பிழைத்தவன் நான். சொந்தமாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

அவருக்குத் தெரிந்த தெலுங்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டமஞ்சி ஏரிக்குப் போகிற வழியில் தகரம் வேய்ந்த ஷெட் அவருடையது. ஒருமுறை மதனபள்ளி பஸ் முதலாளி ஒருவர், முந்தின நாள் பழுது பார்த்த பஸ் மறுபடி நின்றுவிட்டது என்று குதித்துக்கொண்டு வந்தார். ஆதிநாராயணன் எண்ணெய்க் கையோடு எழுந்து நின்று, அந்த மனிதர் பஸ்ஸில் மண்ணெண்ணெய் கலந்து ஊற்றுவதையும், டிரைவருக்குச் சம்பளம் நிறுத்தியதையும், அவருடைய மாமனார் காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தின் கைநீளம் எப்படிப்பட்டது என்பதையும், மூச்சு விடாமல் தெலுங்கில் எடுத்துச் சொன்னார். திருப்பதியில் பிறந்து தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கே அதில் நாலைந்து வார்த்தைகள் புதுசு. பஸ் முதலாளி வாயைத் திறக்காமல் போய்விட்டார். இந்த மனிதருக்குத்தான் தெலுங்கு தெரியாதாம்!

நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம் அவருடையது. நிலம் கொஞ்சம், அண்ணன் தம்பிகள் நிறைய. பத்தொன்பது வயதில் மெட்ராஸுக்குப் போய், மவுண்ட் ரோடில் ஒரு மோட்டார் கம்பெனிப் பட்டறையில் வண்டி கழுவுகிற வேலையில் சேர்ந்தார். கழுவி முடித்தவர் ஒதுங்கி நிற்காமல் இன்ஜின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிற்பாராம். ஒன்பது வருஷத்தில் ஃபிட்டர் ஆனார். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று 1942-இல் மெட்ராஸே மூட்டை கட்டியபோது, ஒரு பணக்காரக் குடும்பத்தை அவர்கள் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு சித்தூருக்கு வந்தார். குண்டு பயம் தீர்ந்து அவர்கள் திரும்பிப் போனார்கள். இவர் போகவில்லை. ஜில்லா முழுக்க ஜமீன்தார்களும் மிராசுகளும் பெரிய பெரிய சீமை வண்டிகளை வைத்துக்கொண்டு அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார்கள். அவர் தங்கிவிட்டதற்கு அதுதான் காரணம்.

அவர் வண்டியை டியூன் செய்வதை ஒரு தடவை பார்த்தால் மறக்காது. நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் மரக்கைப்பிடியைக் காதில் வைத்து, மறு முனையை ஓடுகிற இன்ஜினின் மேல் ஓரோர் இடமாக வைத்துக்கொண்டே போவார். அப்புறம் ஒரு திருகாணியைக் கால் சுற்றுத் திருப்புவார். மறுபடி கேட்பார். யாராவது பேசினால் ஒரு முறை முறைப்பார், அவ்வளவுதான். இன்ஜின்களுக்கு அவர் மூன்று வார்த்தைகள் வைத்திருந்தார். சீக்கு வண்டி என்றால் "இருமுது". சுமாரான வண்டி என்றால் "பேசுது". எந்தக் குறையும் இல்லாமல், எல்லா சிலிண்டரும் ஒரே மூச்சாக ஓடினால், "பாடுது".

வண்டிக்கு மதிப்புச் சொல்வதிலும் அவருக்குத் தனி வழி. பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் பெடல் ரப்பரைக் குனிந்து பார்ப்பார். "வண்டி வயசு மீட்டர்ல இல்ல சாமி, பெடல்ல கீது" என்பார். மீட்டரைத் திருத்தலாம், வருஷக்கணக்காக மிதித்த காலை யாராலும் திருத்த முடியாது. கதவைச் சாத்தி அதன் சத்தத்தைக் கேட்பார். வண்டி நின்ற இடத்தை விட்டு நகர்த்தச் சொல்லி, கீழே மண்ணில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாம் பார்த்துவிட்டு நிலைமையை மட்டும் சொல்வார். விலையைச் சொல்ல மாட்டார். வீட்டுக்குப் போய் ஒரு கார்டில் எழுதித் தபாலில் போடுவார்.

ஏன் இப்படி என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "எங்க நைனா மாட்டுச் சந்தைக்கு இட்டுக்கினு போவாரு. துண்டு போட்டு மூடி, விரல புடிச்சித்தான் வெல பேசுவாங்க. ஏன் தெரியுமா? வாயால சொன்னா மாட்டுக்காரன் மொகம் மாறும், அத பாத்து நம்ம வெல மாறிடும். நான் வண்டிகிட்ட நின்னா, வண்டிக்காரம்மா மொகம் தெரியும். வூட்டுக்குப் போயிட்டா வண்டி மட்டும்தான் தெரியும்."

இப்படிப்பட்டவர் சொன்ன விலையை இன்ஷூரன்ஸ்காரர்களும் லேவாதேவிக்காரர்களும் மறு பேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். கோர்ட்டும் கூப்பிட்டது. ஆதிநாராயணன் கார்டு வந்துவிட்டதா என்பதுதான் ஊரில் பேச்சு. அந்தப் பெயர் ஒன்றுதான் அவருடைய சொத்து. அதைத்தான் நான் கெடுத்தேன்.

நான் அப்போது கிருஷ்ணப்பா என்ற வக்கீலிடம் குமாஸ்தா. வயது இருபத்து நாலு. என் அப்பா திருமலையில் பாராயண கோஷ்டியில் இருந்தவர். தொண்டை போய்விட்டது. இரண்டு வருஷமாகக் கோஷ்டிக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். கோர்ட்டில் காப்பியிஸ்ட் வேலை ஒன்று காலியாக, கிருஷ்ணப்பா எனக்காகச் சிபாரிசு செய்திருந்தார். உத்தரவு இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று வீடே காத்திருந்தது.

அந்த வருஷம் ஏப்ரலில் எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணிப் பக்கம் மெட்ராஸோடு போயிற்று. கோரைமடுகு என்ற சின்ன ஜமீனுக்கு அதில் வேடிக்கையான கதி. நிலமெல்லாம் மெட்ராஸ் பக்கம் போய்விட்டது. பங்களா மட்டும் ஆந்திராவில் நின்றது. ஜமீன்தார் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூத்த தாரத்துப் பிள்ளை வீராசாமிக்கும், இளைய தாரம் கமலம்மாவுக்கும் பாகப் பிரிவினை வழக்கு. கடைசியில் ராஜி ஆனார்கள். நிலம் பிள்ளைக்கு. பங்களாவில் உள்ள சாமான்களை மதிப்புப் போட்டு, சரிபாதி மதிப்புக்கு ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ள வேண்டியது. சாமான்களில் உருப்படியானது ஒன்றுதான்: 1937-ஆம் வருஷத்துப் பேக்கார்டு. வரிசையாக எட்டு சிலிண்டர் வைத்த, கறுப்பும் சந்தனமுமான நீள வண்டி.

கமலம்மாவுக்குப் பிள்ளை இல்லை. வீராசாமியின் தயவில், பங்களாவின் பின்கட்டில் ஒரு அறையில் இருந்தார். வண்டியைத் தம் பங்காக எடுத்துக்கொண்டு விற்று, திருப்பதியில் சின்னதாக ஒரு வீடு வாங்கி, யாருடைய முகத்தையும் பார்க்காமல் இருந்துவிட வேண்டும் என்பது அந்த அம்மாளின் கணக்கு. வண்டியை வாங்குவதற்குக் கோயம்புத்தூர் மில்காரர் ஒருவர் தயாராக இருந்தார். கோர்ட் கிருஷ்ணப்பாவைக் கமிஷனராகப் போட்டு, சாமான் பட்டியல் எடுத்து வரச் சொன்னது. வண்டிக்கு ஆதிநாராயணனை இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டார்கள். யுத்தத்தின்போது பெட்ரோல் கிடைக்காமல் ஊரே அடுப்பு மாட்டிக் கரி கேஸில் வண்டி ஓட்ட, "என் வண்டிக்கு அடுப்பு மாட்ட மாட்டேன்" என்று ஜமீன்தார் அதைக் கட்டை மேல் ஏற்றி வைத்திருந்தாராம். யுத்தம் முடிந்து அதை உயிர்ப்பித்தவரே ஆதிநாராயணன்தான். அப்புறம் பதினாலு வருஷம் அவர் கையைத் தவிர வேறு கை அதில் படவில்லை.

பங்களாவுக்கு ஜூன் மாதம் ஒரு நாள் போனோம். பீரோ, கட்டில், வெள்ளிப் பாத்திரம் என்று எழுதி எழுதி எனக்கு விரல் வீங்கிவிட்டது. பகல் சாப்பாட்டுக்கு இலை போட்டாயிற்று என்று வீராசாமி வந்து கிருஷ்ணப்பாவை அழைத்துப் போனார். "நுவ்வு கார் முகிஞ்சு" என்று கிருஷ்ணப்பாவிடமிருந்து எனக்கு உத்தரவு. காரை நீ முடித்துவிட்டு வா என்று பொருள்.

ஆதிநாராயணன் பெடலைப் பார்த்தார், கதவைச் சாத்தினார், மண்ணைப் பார்த்தார். நான் பட்டியலில் எழுதிக்கொண்டே வந்தேன். பட்டியல் தெலுங்கில். கட்டம் குறுகல். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு ஸ்க்ரூடிரைவரை என் பக்கம் நீட்டினார்.

"நீங்களும் கேளுங்க சாமி."

வைத்துக் கேட்டேன். நான் கோஷ்டிக்காரர் பிள்ளை. பத்துப் பேர் ஒரே சுருதியில் சேரும்போது தனித்தனிக் குரல் மறைந்து ஒன்றாவதைச் சின்ன வயதிலிருந்து கேட்டவன். அந்த இரும்புக்குள் அதுதான் நடந்துகொண்டிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இன்ஜினுக்கு என்ன போடட்டும்?" என்று கேட்டேன்.

"பாடுது."

அந்த வார்த்தை எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. 'பாக உந்தி', நன்றாக இருக்கிறது என்பதை 'பாக' என்று சுருக்கி எழுதியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் அவர் சொன்னதையே எழுத வேண்டும் என்று ஆசை. கட்டமோ இரண்டு எழுத்துக்கு மேல் கொள்ளாது. தெலுங்கு எழுத்தில் 'பாடு' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

தமிழில் யோசித்துக்கொண்டு தெலுங்கில் எழுதுகிறவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. தெலுங்கில் ஒரு சாமானைப் 'பாடு' என்றால் கெட்டுப்போனது, பாழானது. இடிந்த பங்களாவுக்குப் பாடு பங்களா என்பார்கள். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அன்றைக்கு என் காதில் அந்த எட்டு சிலிண்டர் இருந்தது, புத்தி இல்லை.

கிருஷ்ணப்பா பட்டியலைப் பார்த்து இங்கிலீஷில் அறிக்கை எழுதினார். 'இன்ஜின்: முற்றும் கெட்டது.' கெட்ட இன்ஜினுக்கு மேஸ்திரியின் கார்டு எதற்கு என்று, பழைய இரும்புக் கடையில் விசாரித்து நானூறு ரூபாய் போட்டுக் கோர்ட்டில் தாக்கல் செய்துவிட்டார். மூன்றாம் நாள் ஆதிநாராயணனின் கார்டு வந்தது. அதில் ஆறாயிரத்து ஐநூறு என்று இருந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? நானூறு ரூபாய்க்கு வண்டியை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று வீராசாமி ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார். கார்டைப் பார்த்ததும் அவருடைய வக்கீல் எகிறினார். அன்றைக்குக் கெட்ட வண்டி, மூன்று நாளில் எப்படி ஆறாயிரம் ஆயிற்று? நடுவில் கமலம்மா மேஸ்திரியைக் கவனித்துவிட்டார் என்றார். ஊரும் அதையே சொல்ல ஆரம்பித்தது. பதினெட்டு வருஷமாக அந்தக் கார்டுக்காகக் காத்திருந்த ஊர், ஒரு வாரத்தில் அது என்ன விலைக்கு எழுதப்பட்டது என்று பேசியது. ஜட்ஜ், வண்டியையும் மேஸ்திரியையும் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு போட்டார்.

எனக்கு நடந்தது புரிந்தது அறிக்கையின் நகலைப் படித்தபோதுதான். நேராக ஷெட்டுக்குப் போனேன். ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார்.

"மேஸ்திரி, தப்பு என்மேல. நீங்க பாடறதுன்னு சொன்னதை நான் பாடுன்னு எழுதிட்டேன்."

லாரிக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நகர்ந்து வெளியே வந்து உட்கார்ந்தார்.

"அடக் கெடுவே! தெலுங்குல பாடா? நானும் இன்னாடா, எவன் இப்டி எய்தினான்னு யோசிச்சிக்கினே இருந்தேன்." சிரித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "வக்கீலாண்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. சொல்லணும். ஆர்டர் வர்ற நேரம். இப்போ சொன்னா அவர் சிபாரிசைத் திருப்பி வாங்கிண்டுடுவார். அப்பா வேற..." என்று இழுத்தேன்.

"உங்க கஷ்டம் புரியுது. ஆனா என்னிய காசு வாங்கினவன்னு சொல்றாங்க சாமி. நாலு நாளா இந்தக் காதுல அதான் கேக்குது. சொல்லிடுங்க."

"கண்டிப்பா சொல்லிடறேன்" என்றேன்.

சொல்லவில்லை. மறுநாள் காலை கிருஷ்ணப்பா காபி குடித்துக்கொண்டிருந்தபோது சொல்ல வாயெடுத்தேன், கட்சிக்காரர் வந்துவிட்டார். சாயங்காலம் அவருக்குத் தலைவலி. அதற்கு மறுநாள் எனக்கு ஒரு சாக்குக்கூடத் தேவைப்படவில்லை, சும்மா இருந்தேன்.

விசாரணை நாளன்று ஆதிநாராயணன் நகரிப் பக்கத்துப் பங்களாவிலிருந்து அந்தப் பேக்கார்டைத் தாமே ஓட்டிக்கொண்டு வந்து கோர்ட் வளாகத்தில் வேப்ப மரத்தடியில் நிறுத்தினார். துவைத்த வேட்டி, வெள்ளைச் சட்டை. நகத்தில் எண்ணெய்க் கறுப்பு மட்டும் போகவில்லை. கமலம்மா ஒரு ஓரமாக முக்காடு போட்டு நின்றிருந்தார். ஜட்ஜ் கோதாவரிப் பக்கத்துக்காரர், சித்தூருக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வராந்தாவுக்கு வந்து, ஸ்டார்ட் செய்யச் சொன்னார்.

ஆதிநாராயணன் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்துவிட்டு இறங்கி நின்றார். எல்லாரும் காத்திருந்தோம். வேப்ப மரத்தில் காக்காய் கத்தியது. ஒரு நிமிஷம் ஆனது. டவாலி போட்ட சேவகன் பொறுக்காமல், "ஸ்டார்ட் காலேது தொரா" என்றான். வண்டி கிளம்பவில்லை, துரை என்று அவன் சொன்னதும் வீராசாமியின் வக்கீல் முகம் மலர்ந்தது. ஆதிநாராயணன் ஒன்றும் பேசாமல் சேவகனின் கையைப் பிடித்து அழைத்துப் போய், வண்டிக்குப் பின்னால் புகைக் குழாய் வாயில் வைத்தார். அவன் 'அய்யோ' என்று துள்ளிக் கையை உதறினான். ஜட்ஜ் உள்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவ்வளவு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது வண்டி.

காலையிலிருந்து ஆதிநாராயணன் ஒரு தெலுங்கு வார்த்தைகூடப் பேசவில்லை. சேவகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனார். அதன் அர்த்தம் எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

உள்ளே கூண்டில் ஏற்றினார்கள். வண்டி நன்றாக ஓடுகிறது, அது எல்லாரும் பார்த்தாயிற்று. ஜட்ஜ் கேட்டது ஒரே கேள்வி. "நல்ல வண்டியை முதலில் கெட்டது என்று ஏன் சொன்னாய்?" ஒருவர் அதைத் தமிழில் எடுத்துச் சொன்னார்.

ஆதிநாராயணன் கிருஷ்ணப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் கட்டுகளைச் சுமந்து நின்ற என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை. இன்ஜினில் அடுத்த சத்தத்துக்காகக் காத்திருப்பாரே, அப்படிப் பார்த்தார். நான் ஒரு அடி முன்னால் வைத்து, ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். குனிந்து, அவிழாத ஒரு நாடாவைக் கட்ட ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெலுங்கு சரியா வராதுங்க" என்று அவர் குரல் கேட்டது. "பாக உந்தின்னு சொல்ல வந்தேன். வாய்ல பாடுன்னு வந்துட்ச்சி. தப்பு என்துதான். காசு ஒண்ணும் வாங்கல சாமி."

வீராசாமியின் வக்கீல் துள்ளி எழுந்தார். பதினெட்டு வருஷமாகச் சித்தூரில் இருக்கிறவனுக்குத் தெலுங்கு தெரியாதா, இந்த ஊர் பஸ் முதலாளிகளைக் கேட்டுப் பாருங்கள் என்றார். ஜட்ஜ் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். எல்லைப் பக்கத்துத் தமிழர்களைப் பற்றி அவருக்கு யாரோ ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் இங்கே தின்று இங்கே வாழ்ந்தும் இந்த ராஜ்யத்தின் பாஷை தெரியவில்லையே என்று வருத்தத்தோடு சொன்னார். மதிப்பை ஆறாயிரத்து ஐநூறு என்று திருத்த உத்தரவு போட்டார். பாஷை தெரியாத ஆளை இனிமேல் மதிப்புக்குக் கூப்பிட வேண்டாம் என்றும் சொன்னார்.

அந்த மதிப்புக்கு வேண்டாம் என்று வீராசாமி விலகிக்கொள்ள, வண்டி கமலம்மாவுக்கு வந்தது. மில்காரர் வாங்கிக்கொண்டார். திருப்பதியில் கோவிந்தராஜர் கோயிலுக்குப் பின்புறம் ஒரு சின்ன வீடு வாங்கி, அந்த அம்மாள் அதிலேயே இருபது வருஷம் இருந்தார். அந்த மட்டில் சந்தோஷம்தான்.

பத்து நாளில் எனக்கு வேலை உத்தரவு வந்தது. சேர்ந்த முதல் வாரத்தில், கமலம்மாவின் வக்கீல் அந்த வழக்கின் சாட்சியத்துக்கு நகல் கேட்டு மனுப் போட்டிருந்தார். புதுக் காப்பியிஸ்ட் என்று கட்டை என் மேஜையில் வைத்தார்கள். 'இந்தச் சாட்சிக்குத் தெலுங்கு சரியாகத் தெரியாது' என்பதை என் கையால் பிசகில்லாமல் நகல் எடுத்து, ஒப்புப் பார்த்து, கையெழுத்துப் போட்டேன். சர்க்கார் சம்பளத்தில் நான் செய்த முதல் வேலை அது. எழுத்து அழகாக இருக்கிறது என்று ஹெட் கிளார்க் பாராட்டினார்.

அதற்குப் பிறகு கோர்ட் அவரைக் கூப்பிடவில்லை. கோர்ட் கூப்பிடாத ஆளை இன்ஷூரன்ஸ்காரர்களும் கூப்பிடவில்லை. ஒரு பஸ் கம்பெனியில் அவரை ஃபோர்மேனாக எடுக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தெலுங்கு தெரிந்த ஆள்தான் வேண்டும் என்று கையை விரித்துவிட்டார்கள். தெலுங்கில் அவரிடம் திட்டு வாங்கிய பஸ் முதலாளிகூட, "ஏமய்யா, தெலுகு ராதா?" என்று வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்திக் கேட்டுவிட்டுப் போவார். தெலுங்கு தெரியாதா உனக்கு என்று அவர் கேட்பதும், இவர் பதில் பேசாமல் வேலையைப் பார்ப்பதும் எனக்குக் கேள்வி. பதில் பேசினால் கூண்டில் சொன்னது பொய்யாகிவிடும் அல்லவா? நான் சாகிற வரைக்கும் சுமக்க வேண்டியதை அந்த மனிதர் சுமந்தார். லாரியும் டிராக்டரும் பார்த்து, மனைவி சந்திரம்மாவையும் மூன்று பெண்களையும் காப்பாற்றினார். நான் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டேன்.

பன்னிரண்டு வருஷம் போயிற்று. அப்போதிருந்த ஜட்ஜுக்கு மாற்றலாகி, தம் மோரீஸ் மைனரை விற்றுவிட்டுப் போக நினைத்தார். டியூன் செய்துகொண்டு வாருங்கள், ஆதிநாராயணன் என்று ஒருவர் இருக்கிறாராமே என்று என்னிடம் சாவியைக் கொடுத்து, டிரைவரோடு அனுப்பினார். மறுக்க முடியவில்லை.

தலை நரைத்திருந்தது. "வாங்க சாமி, நல்லா கீறீங்களா? அப்பா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அப்பா போய்விட்டார் என்றேன். உச்சுக் கொட்டினார். பானெட்டைத் திறந்து, அதே ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். ஒரு மணி நேரம் வேலை செய்தார். நான் பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். மோரீஸ் பேக்கார்டு இல்லை, நாலே சிலிண்டர். ஆனாலும் முதலில் கரகரத்துக்கொண்டிருந்த சத்தம் மெல்ல மெல்லச் சேர்ந்து ஒரே இழையாயிற்று. எனக்கே கேட்டது.

கையைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு மேஸ்திரி?" என்றேன்.

"நல்லா கீது. ஒண்ணும் தொந்தரவு இல்ல."

அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. பானெட்டை மூடப் போனார். எனக்குத் தாங்கவில்லை.

"பாடறதா?"

மூடப் போன கை நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபமான சிரிப்பில்லை, அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

"அந்த வார்த்தைய நீங்க எய்தி எடுத்துக்கினு பூட்டீங்களே சாமி. என்கிட்ட ஏது?"

பானெட்டை மூடிவிட்டு, சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.